வெர்னா அக்காவின் முரட்டுக் காவல்காரன்

மேற்கு வர்ஜீனியா மலைச்சரிவில் எனக்குப் பக்கத்து வீடு வெர்னா அக்காவுடையது. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். கண்ணாடியில் ஒரு முறை முறைத்தால் கடைசி இருக்கை வரைக்கும் சத்தம் அடங்கிவிடுமாம். அவருக்கு அடங்காதவை நரியும் பருந்தும்தான்.

கோழிகளை வலைக்குள் அடைக்க அக்காவுக்கு மனம் வரவில்லை. "காலம்பூரா புள்ளைங்கள சீட்டுல உக்கார வச்சது போதும். கோழியாவது திரியட்டும்" என்பார். அவையும் ஆப்பிள் மரங்களுக்கடியில் கிளறித் திரிந்தன. அவ்வப்போது ஒன்று குறைந்தது. பிரியமான செவலைக் கோழியின் இறகுகள் மட்டும் வேலியோரம் கிடந்த அன்று அக்கா சாப்பிடவே இல்லை.

அதைப் பார்க்கப் பொறுக்காமல் அவர் கணவர் எம்மெட் சந்தைக்குப் போய்ப் 'கூஸ்' என்கிற பெருவாத்து இனத்தில் வெள்ளை வாத்து ஒன்றை வாங்கி வந்தார். நிமிர்ந்தால் இடுப்புயரம்.

"இது காவல் காக்கும்."

"நீ காத்த லட்சணம் தெரியாதாக்கும்? வாத்து வேறயா!"

வாத்து காவல் காத்தது. கோழிகளைத் தன் குடும்பமாக்கிக்கொண்டது; எம்மெட்டைப் பெரியவராக ஏற்றுக்கொண்டது. வெர்னா அக்காவைத்தான் திருடியென்று முடிவு கட்டியது. முட்டை எடுக்கப் போனவரைச் சீறி விரட்டிப் பின்பக்கம் கவ்வியது. அக்கா வாசலில் நின்ற வண்டியின் மேல் ஏறி நின்று அலறினார்.

"யோவ், பாத்துட்டு நிக்கிறியே, புடிய்யா!"

"யார?" என்றார் எம்மெட்.

அன்றிலிருந்து முட்டை எடுப்பது எம்மெட் வேலை. அக்கா சமையலறை ஜன்னலோடு சரி.

"வித்துடலாமேக்கா?" என்றேன்.

"வித்தா நரி வரும். வச்சிருந்தா நான் போக முடியாது. எது தேவலன்னு நீயே சொல்லு!"

இலை உதிரும் காலத்தில், ஒரு மதியம், நரியே வந்தது. கோழிகள் சிதறின. வாத்து சிறகை விரித்துக் கழுத்தை நீட்டிப் பாய்ந்தது. மூக்கில் கடிபட்ட நரி ஓடையைத் தாண்டித்தான் திரும்பிப் பார்த்தது. வாசலில் நின்ற அக்கா தன்னை மறந்து கைதட்டினார். சத்தம் கேட்டுத் திரும்பிய வாத்து நேரே அவர்மேல் வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பு என் வீடு வரை கேட்டது.

பிறகு ஜன்னலைத் திறந்து சோள ரொட்டித் துண்டொன்றை வீசினார்.

"தின்னுடா, முரடா!"

தின்றது. தின்றுவிட்டுச் சீறியது. இப்போதெல்லாம் ரொட்டி வரத் தாமதமானால் ஜன்னலடியில் நின்று கத்துகிறது. "வரேன், வரேன், கத்தாதடா" என்று அக்கா ஓடுகிறார்.