ஆடாத பேரிங்

என் வீட்டுக்காரர் ஆட்டோ இன்ஜின் திண்டிவனம் ஷெட்டில் பிரிந்து கிடக்கிறது. அவர் போனால் ஏமாந்துவிடுவார் என்று, கிராங்க் பேரிங் வாங்க நானே விழுப்புரம் போனேன்.

கடைக்காரர் ஒன்றைக் கொடுத்து, "இதான்மா ஆட்டோவுக்கு" என்றார். ஆட்டிப் பார்த்தேன், லேசாக ஆடியது. விற்காததை என் தலையில் கட்டுகிறார் என்று, மாதாவை வேண்டிக்கொண்டு, ஆடாததாகக் கேட்டு வாங்கி வந்தேன்.

மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டார். "அக்கா, இன்ஜின் சூடானா பேரிங் இறுகும். அந்த ஆட்டம் இருந்தாதான் ஓடும். இதப் போட்டா நடுரோட்ல இன்ஜின் புடிச்சிக்கினு நின்னுடும்."

"காலைல ஸ்கூல் புள்ளைங்கள ஏத்தணும், ஜல்தியா மாத்திக்கினு வா" என்றார் வீட்டுக்காரர். முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

எட்டுக்குக் கடை மூடிவிடும். மறுபடி விழுப்புரம் பஸ் ஏறினேன்; வழியில் கூட்டேரிப்பட்டு நெரிசலில் பஸ் நகரவில்லை.

அந்தக் கடைக்காரரிடமே போய், "ஆடுறதே குடுங்கண்ணே" என்று எந்த முகத்தோடு கேட்பது, சொல்லுங்கள்?