தாளம் எங்கடி?

ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும் வேலை பார்க்கும் தங்கைக்கு வீட்டில் வேறொரு பித்து. ஹவாய் கிட்டாரை மடியில் கிடத்தி, கம்பிகளின் மேல் எஃகுத் துண்டை வழுக்கவிடுவாள். அந்த ஒரே இழுப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றி ஐந்து நிமிஷத்துக்கு நீட்டுவாள். கேட்டால் சுவர்களெல்லாம் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டது போலிருக்கும். மேடைகளில் டிரம்ஸ் அடிக்கும் அண்ணனுக்கோ பற்றிக்கொண்டு வரும்.

"இதெல்லாம் ஒரு பாட்டா? ஜவ்வு மாதிரி இழுக்குற. தாளம் எங்கடி?"

அந்த அண்ணனே ஒருநாள் முதுகுவலியோடு அவள் மெஷினுக்குள் படுத்தார். மெஷின் 'டக் டக்' என்றதுமே அவர் கால் தாளம் போட்டது, படம் கலங்கிப்போனது.

"ஆடாம படுங்கண்ணே!" என்று கெஞ்சினாள். இரண்டாம் முறையும் அதே கூத்து. ஆடின கால் சும்மா இருக்குமா?

மூன்றாம் முறை, மெஷின் சத்தம் குறைய அவர் காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் தன் பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். இருபது நிமிஷம், ஒரு விரல்கூட அசையவில்லை. படம் கண்ணாடி மாதிரி வந்தது.

எழுந்து உட்கார்ந்த அண்ணன் இரண்டு கைகளையும் தடவித் தடவிப் பார்த்தார்.

"மயக்க ஊசி எப்ப போட்ட? வலிக்கவே இல்லையே!"