4.07க்கு வந்த பயணி

இது கட்டிய கதையாக இருந்தால் என்னை நல்லவனாகக் காட்டியிருப்பேன். காட்டவில்லை. அதற்காகவாவது நம்புங்கள்.

நான் ஒரு சின்ன விமான நிலையத்தில் கவுண்டர் ஊழியன். அடுத்த ஊர் விமான நிலையம் இருநூற்று அறுபது கிலோமீட்டர். சாலையில் ஆறு மணி நேரம். விமானத்தில் நாற்பத்தைந்து நிமிடம். நாளுக்கு ஒரே விமானம், மாலை 4.50க்கு. கவுண்டரை 4.05க்கு மூடிவிடுவோம்.

அன்று பிரிண்டர் மக்கர் செய்தது. போர்டிங் பாஸ் புத்தகத்தை எடுத்து, ஒவ்வொன்றாகக் கையால் எழுதி, நேரம் போட்டு, கையெழுத்தைக் கிறுக்கிக் கொடுத்தேன். விரல் விட்டுப்போயிற்று. எல்லாம் முடித்துத் தேநீரைக் கையில் எடுத்தபோது மணி 4.07.

பழுப்பு ஸ்வெட்டர் போட்ட பெரியவர் ஒருவர் மூச்சிரைக்க வந்து நின்றார். அந்த ஊரில் மகளுக்கு ஆறரை மணிக்கு இதய ஆபரேஷனாம். அப்பா வந்து கையைப் பிடித்தால்தான் உள்ளே போவேன் என்கிறாளாம்.

"ஒரே ஒரு சீட்டு, தம்பி."

பதினொரு இருக்கைகள் காலி. மேலதிகாரிக்கு ஒரு போன் போட்டால் போதும். ஆனால் எனக்கு அலுப்பு.

"ஃபுல்லாயிடுச்சுங்க ஐயா. டாக்ஸியில போயிடுங்க."

அவர் கோபப்படவில்லை. "நீங்க டீயைக் குடிங்க. ஆறிடும்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

தேநீரைக் குடிக்காமல் அப்படியே வைத்துவிட்டேன்.

4.42. வாசலில் கிழித்து வாங்கிய பாஸ் துண்டுகள் முப்பத்தேழு. விமானப் பணிப்பெண் உள்ளே தலைகளை எண்ணினாள். முப்பத்தெட்டு.

மறுபடி எண்ணினாள். முப்பத்தெட்டு.

நானே ஏறி எண்ணினேன். முப்பத்தேழுதான். ஆனால் 11C... காலி இருக்கை. பெல்ட் மாட்டியிருந்தது. இருக்கையில் படியாமல்... ஒரு வயிற்றைச் சுற்றியது போல வளைந்து.

4.50. விமானம் கிளம்பியது.

5.35. போன் அடித்தது. அந்த ஊர் கவுண்டரில் இருக்கும் அக்கா.

"பழுப்பு ஸ்வெட்டர் போட்ட பெரியவர் ஒருத்தரு உன்கிட்ட சொல்லச் சொன்னாருப்பா. நல்லபடியா வந்து சேந்துட்டாராம்."

போனை வைத்தேன்.

தேநீர்க் கோப்பையைத் தொட்டேன்.

சுட்டது...

மறுநாள், பெரியவரை ஏற்றிப்போன டாக்ஸிக்காரர் சொன்னார். பதினெட்டாவது கிலோமீட்டரில், இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டாராம். அதோடு பேச்சும் மூச்சும் நின்றுவிட்டதாம். அப்போது மணி 4.38.

மூன்று மாதம் கழித்து அந்த மகள் வந்தாள். நன்றி சொல்ல. ஆபரேஷனுக்கு முன் அப்பா அரை மணி நேரம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். மயக்க மருந்தில் கண்ட கனவு என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்களாம்.

"அப்போ இது எப்படி என் தலகாணிக்குக் கீழ வந்துச்சு, அண்ணா?"

போர்டிங் பாஸ். 11C. என் கையெழுத்து.

"கவுண்டர் தம்பி ரொம்ப நல்ல பிள்ளைன்னு அப்பா சொன்னாரு. நீங்கதானே குடுத்தீங்க?"

அவள் கண்ணைப் பார்த்து, இல்லை என்று சொல்ல முடியவில்லை. தலையாட்டினேன். அந்தப் பாவமும் என் கணக்கில்தான். கடவுள் என்னை மன்னிக்கட்டும். இப்போதெல்லாம் கவுண்டர் மூடிய பிறகு யார் ஓடி வந்தாலும் முதலில் போனை எடுக்கிறேன்.

அவள் போனதும் அன்றைய பாஸ் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். நான் எழுதியது முப்பத்தேழு.

அடிக்கட்டைகள் முப்பத்தெட்டு.

கடைசி அடிக்கட்டையில், என் கையெழுத்தில், நேரம்... 4.07.