ஏதோ இருக்கான்

வடக்கனந்தலைத் தாண்டி, அணைத் தண்ணீர் வந்து தொட்டுக்கொண்டு நிற்கும் கரையில் இருக்கிறது எங்கள் ஊர். பின்னால் கல்வராயன் மலை, முன்னால் தண்ணீர், நடுவில் கரும்பும் மரவள்ளியும். பார்க்க அழகுதான். ஆனால் எங்கள் ஊர்க்காரன் ஒருவன் வாயிலிருந்தும் அந்த வார்த்தை வராது. கரும்பு ஆள் உயரத்துக்கு மேல் நின்றாலும் ‘ஏதோ இருக்குது’ என்பான். வலை கிழிய மீன் விழுந்தாலும் ‘ஏதோ கெடச்சிது’ என்பான். நல்லதை நல்லது என்று சொல்லிவிட்டால் கண் பட்டுவிடுமாம். இதைக் கேட்டுக் கேட்டே எனக்குப் பாதி ஆயுசு போய்விட்டது.

இந்த ஊரில்தான் என் பங்காளி மகன் இளமாறன் பிறந்து தொலைத்தான். முப்பத்து நான்கு வயது. சொந்த நிலம், கிணறு உண்டு. குடிக்க மாட்டான். தண்ணீர் பாய்ச்சும்போது போனில் சத்தமாகப் பாட்டு வைப்பதுதான் அவனுடைய ஒரே கெட்ட பழக்கம். ஆனாலும் விவசாயம் பார்க்கிறவனுக்கு எவன் பெண் கொடுக்கிறான்? வருடக்கணக்காகத் தேடுகிறார்கள்.

போன மாதம் நைனார்பாளையத்திலிருந்து ஒரு சம்பந்தம் கூடி வந்தது. பெண் பெயர் சுபஸ்ரீ. இரண்டு பேரும் போனில் பேசி, பிடித்தும் போயிற்று. முடிவு சொல்வதற்கு முன் பெண்ணின் அப்பா யாருக்கும் தெரியாமல் பைக்கில் வந்து ஊருக்குள் விசாரித்திருக்கிறார். பெண்ணைப் பெற்றவர்கள் செய்வதுதான். டீக்கடை அய்யனாரிடம், பையன் எப்படி என்று கேட்டாராம்.

“ஏதோ இருக்கான்” என்றிருக்கிறான் அய்யனார்.

இளமாறன் மேல் உயிரையே வைத்திருப்பவன் அவன். எங்கள் ஊர்ப் பேச்சில் அதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது. நைனார்பாளையத்துக்காரருக்கு அது எப்படித் தெரியும்? பையனிடம் ஏதோ கோளாறு, ஊரே சேர்ந்து மறைக்கிறது என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரமே பெண்ணுக்கு வேறு இடத்தில் நிச்சயம் ஆகிவிட்டது.

தரகர் சொல்லி விஷயம் தெரிந்ததும் இளமாறன் நேராக டீக்கடைக்கு வந்தான். நானும் அங்கே இருந்தேன். உன்னைப் பற்றி நல்லபடியாகத்தானே சொன்னேன் என்று அய்யனார் முழித்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் டீ கிளாஸை எடுத்து அடித்திருப்பேன்.

“நான் நல்லவன்” என்றான் இளமாறன். “ஒழுங்கா பாடுபடறேன். கட்டிக்கிறவள கண்ணு கலங்காம வச்சிக்குவேன். இத சொல்றதுக்கு இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் வாய் இல்லியா?”

தன்னைத் தானே நல்லவன் என்று ஒருவன் சொல்லி எங்கள் ஊர் கேட்டதே இல்லை. கையைப் பிடித்து நான்தான் அவனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

செய்தி எங்களுக்கு முன்னால் போய்விட்டிருந்தது. அவன் அம்மா பச்சையம்மாள் உப்பும் மிளகாயுமாக வாசலில் காத்திருந்தாள். அவனைக் கிழக்கே பார்த்து உட்காரவைத்து, சுற்றி அடுப்பில் போட்டாள். நெடி கொஞ்சமும் வரவில்லை.

“பாத்தியா, எவ்ளோ கண்ணு பட்டுகீது. இனிமே அப்டிலாம் சொல்லிக்கினு திரியாதடா.”

இளமாறன் எழுந்திருக்கவில்லை. “யம்மா, நீயாவது சொல்லு. நான் நல்லவன்தான?”

பச்சையம்மாள் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். ஒரு ஆள் கூட இல்லை. கண் நிறையத் தண்ணீர் வந்தது, அவன் தலையைத் தடவினாள். வாய் மட்டும் திறக்கவில்லை.