பூகம்பத்துக்கு வாசித்தவன்

என் அண்ணனை மேதை என்று சொல்கிறவர்கள் யாரும் அவனோடு ஒரே வீட்டில் இருந்ததில்லை. பைத்தியம் என்று சொல்கிறவர்களும் இருந்ததில்லை. நான் இருக்கிறேன். ஆவூர்ப் பக்கம் எங்கள் ஊர். வீட்டின் பின்பாதியில் அவன், முன்பாதியில் நானும் என் வீட்டுக்காரரும். கீரனூரில் கணக்கு டீச்சர் நான். விடை தப்பாக இருந்தாலும் போட்ட வழி சரியாக இருந்தால் மார்க் கொடுக்கிற உத்தியோகம். ஆனால் அண்ணன் வாசித்ததற்கு என்ன மார்க் என்கிற கேள்வி ஒருநாள் என்னிடமே வந்து நிற்கும் என்று நான் நினைக்கவில்லை. கேட்டது அவனேதான்.

அவன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். மாதா கோயில் பாடகர் குழுவில் கிட்டார் பிடித்தவன். அதே குழுவில் பாடிய நான்தான் அவனுக்குக் கம்பி சுருதி பார்த்துச் சொல்வேன். திருச்சியில் காலேஜ் படிக்கப் போன இடத்தில் ஒரு ராக் குழுவோடு ஒட்டிக்கொண்டான். ஒரு தகர ஷெட்டில்தான் பயிற்சி. டிரம்ஸ் ஒருபக்கம், ஆளுயர ஸ்பீக்கர் ஒருபக்கம், நடுவில் இவன். படிப்பை முடித்தான் என்று சொல்ல முடியாது, போய்வந்தான். குழுவில் இருந்தவர்கள் ஆளுக்கொரு வேலை தேடிப் போனதும், கிட்டாரையும் ஸ்பீக்கரையும் வேனில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வந்து சேர்ந்தான். காதுக்குள் ஏதோ இரைந்துகொண்டே இருப்பதாக அப்போதே சொன்னான். சளியாக இருக்கும் என்று ஆவி பிடிக்கச் சொன்னோம்.

எங்கள் ஊரில் ஈஸ்டரை ஒட்டிப் பாஸ்கா நடக்கும். இயேசுவின் பாடுகளை ஊர்க்காரர்களே நாடகமாகப் போடுவார்கள். அவர் சிலுவையில் உயிர்விட்டதும் பூமி அதிர வேண்டும். முன்பெல்லாம் மேடைக்குப் பின்னால் தகரத்தை உலுக்கி, ஒரு வெடியைப் போட்டுச் சமாளித்தார்கள். அண்ணன் வந்த வருடத்திலிருந்து பூகம்பம் அவன் பொறுப்பு. எலெக்ட்ரிக் கிட்டாரின் கரகரப்பை முழுக்க ஏற்றி அவன் முதல் அடி அடித்தால், மண்ணில் உட்கார்ந்திருக்கிற சனங்களுக்கு அடியில் தரையே அதிரும். ராக் என்றால் என்ன என்று கேட்டால் எங்கள் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. பூகம்பம் வாசிக்கிற தம்பியை எல்லோருக்கும் தெரியும்.

அதற்கு ஒரு கணக்கு உண்டு. இயேசுவாக நடிப்பவர் தலையைத் தொங்கப்போட்டதும் தொடங்க வேண்டும். கீழே நிற்கிற படைத்தலைவன் மண்டியிட்டு வசனம் சொல்லப் போகும்போது நிறுத்திவிட வேண்டும். பிறகு மாதா மகனை மடியில் வாங்குகிற வரை சத்தமே இருக்கக் கூடாது. அந்த அமைதியில்தான் ஊர் அழும்.

ஒரு வருடப் பாஸ்காவில் அவன் நிறுத்தவில்லை. மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முட்டியை ஸ்பீக்கரில் அழுத்தி, கிட்டாரின் தலைக்கட்டையைப் பல்லால் கடித்தபடி வாசித்துக்கொண்டே இருந்தான். படைத்தலைவனாக நடித்தவர் மண்டியிட்டு எழுந்து, மறுபடியும் மண்டியிட்டார். சிலுவையில் செத்துப்போனவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். மடியை விரித்து உட்கார்ந்த மாதா அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் கூட்டத்துக்குள் புகுந்து மேடையோரம் ஓடி, "அண்ணே! போதும்ணே! நிறுத்துண்ணே!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கைக்கெட்டும் தூரத்தில் நின்று கத்துகிறேன், அவன் திரும்பவில்லை. கடைசியில் ஒயரைப் பிடுங்கிவிட்டேன். பிடுங்கியதும் விழுந்த அமைதியில் சனம் விம்மி விம்மி அழுதது. எல்லாம் நாடகத்தில் உள்ளதுதான் என்று நினைத்துவிட்டார்கள்.

அவனுக்குக் காது கேட்கவில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. திருச்சிக்கு இழுத்துப் போனேன். டாக்டர் பரிசோதித்துவிட்டு என்னைப் பார்த்துத்தான் பேசினார். வலது காது சுத்தமாகப் போய்விட்டது, இடது காதில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, நரம்பு செத்தால் செத்ததுதான் என்றார்.

"இனிமே பெரிய சத்தத்துப் பக்கமே போகக் கூடாதும்மா. காதுக்கு மிஷின் வச்சுக்கிட்டா இந்த மிச்சத்த வச்சே சமாளிக்கலாம். இதுவும் போச்சுன்னா என்கிட்ட வராதீங்க, என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

அண்ணன் ஸ்பீக்கர் மேல் போர்வையைப் போர்த்தினான். மிஷின் மாட்டிக்கொண்டு, முகத்துக்கு நேரே நின்று பேசினால் பதில் சொல்கிற அளவுக்குத் தேறினான். அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாஸ்காவை யாரோ போனில் எடுத்து நெட்டில் போட்டிருந்தார்கள். அது எங்கெங்கோ சுற்றி, ராக் கேட்கிற கூட்டத்தின் கையில் போய்ச் சேர்ந்தது. கடவுள் செத்த பிறகும் நிற்காத கிட்டார் என்றார்கள். மேடைக்கே முதுகைக் காட்டிய துணிச்சல் என்றார்கள். பல்லால் கடித்தது ஏதோ தவமாம். பல்லில் கடித்தால் கட்டையின் அதிர்வு மண்டைக்குள் ஏறும், அப்படித்தான் அவனுக்குக் கொஞ்சமாவது கேட்டிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, பின்னணியில் ஒரு பெண் ஓலமிடுகிறாளே, அதை எப்படி யோசித்துச் சேர்த்தார் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குக் கீழே கைதட்டுகிற பொம்மைகள் வரிசையாக நின்றன. படித்துவிட்டு நான் போனைக் கட்டிலில் எறிந்தேன்.

சென்னையிலிருந்து ஒருவர் கேமராவோடு வந்தார். நல்ல மனிதர்தான், சித்தன்னவாசல் பார்த்துவிட்டு வந்த கையோடு எங்கள் வீட்டையும் பார்த்தார். அண்ணன் கேள்விகளுக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னபோதெல்லாம் பரவசமாகத் தலையாட்டினார். பொறுக்க முடியாமல் வாசலில் வைத்து உண்மையைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே.

"மேடம், அப்போ இது இன்னும் பெரிய விஷயம். காதே கேக்காம இப்படி வாசிச்சிருக்கார்னா, இவரத்தான் ஜீனியஸ்னு சொல்லணும்."

என்ன சொன்னாலும் மேதைதான். போகிறபோது, சென்னையில் பெரிய மேடையில் அதே பூகம்பத்தை வாசிக்க வேண்டும் என்று அழைப்பையும் வைத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் அண்ணன் போனைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். என்னை ஆத்தா என்றுதான் கூப்பிடுவான். அவன் பேசினால் தெருவுக்கே கேட்கும்.

"ஆத்தா, ஊரே கேட்டுட்டு மேதைங்குது. வாசிச்சவனுக்கு என்ன வாசிச்சோம்னு தெரியாது, மிஷின்ல கேட்டா எல்லாம் வெறும் எரைச்சல்தான். நீ பொய் சொல்ல மாட்ட. கேட்டுச் சொல்லு. நல்லாருந்தா சென்னைக்குப் போறேன். இல்லைன்னா போர்வைய எடுக்கவே மாட்டேன்."

நன்றாக இருக்கிறது என்றால் சென்னைக்குப் போய் மிச்சமிருக்கிற காதையும் தொலைப்பான். நன்றாக இல்லை என்றால் இத்தனை வருடமும் வீண் என்று உட்கார்ந்துவிடுவான். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அவன் மேலும் கோபம், அந்த நெட்டுக்காரர்கள் மேலும் கோபம், ஆவி பிடிக்கச் சொன்ன எங்கள் மேலும் கோபம். போனைக் காதில் வைத்துக் கேட்டேன்.

தொடக்கம் உடம்பைச் சிலிர்க்க வைத்தது. அதை நான் மறைக்க மாட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒரு கம்பி சுருதி இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவன் எங்கே தொட்டாலும் கோணல். அவனுக்கு அது கேட்கவில்லை, போட்ட சுற்றையே மறுபடி மறுபடி போட்டுக்கொண்டிருந்தான். அதற்கு நடுவே நான்.

"மொதல்ல நல்லாருக்குண்ணே," என்று உதட்டைப் பிரித்துப் பிரித்துச் சொன்னேன். "அப்புறம் ஒரு கம்பி எறங்கிப்போச்சு. ரெண்டாவது கம்பி. கடைசி வரைக்கும் தப்பு."

அவன் முகம் சுருங்கவில்லை. "ரெண்டாவதா? வெரலுக்குத் தொளதொளன்னு பட்டுச்சு. நான் மூணாவதுன்னுல்ல நெனச்சேன்," என்றான். "வேற என்ன கேக்குது?"

"நான் ஒன்னயக் கூப்புடுறது கேக்குது."

"நீயா? எப்ப?"

"படைத்தலைவன் மண்டிபோட்ட பெறகு. கத்திக் கத்திக் கூப்புடுறேன்."

"கூப்ட்டியா ஆத்தா?" என்றான். "எனக்குத் தெரியவே இல்லையே."

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். தப்பு என்று தெரிந்துவிட்டது, இனிப் போகமாட்டான் என்று நினைத்தேன். அவனோ நேரே போய் ஸ்பீக்கர் மேலிருந்த போர்வையை எடுத்து மடிக்கத் தொடங்கினான்.

"தப்பா வாசிச்சதையே ஊர் தூக்கி வச்சுக்கிட்டு ஆடுது. ஒரு தடவையாவது சரியா வாசிச்சு வச்சுட்டுப் போறேன்."

சண்டை போட்டேன். டாக்டர் சொன்னதை எழுதியே காட்டினேன். மிஷினைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டான். அதற்கு மேல் யாரிடம் பேச?

சென்னையில் அவன் சரியாக வாசித்தான். மேடையேறும் முன் கம்பிகளை விரலாலேயே இழுத்து இழுத்துப் பார்த்து, என்னிடம் ஒவ்வொன்றாகக் காட்டிச் சரிபார்த்துக்கொண்டான். நிறுத்த வேண்டிய இடத்தில் கையைத் தூக்கலாம் என்று அவன் கண்ணில் படும்படி நின்றேன். நான் தூக்கும் முன்பே தானாக நிறுத்தினான். ஒரு கம்பிகூடப் பிசகவில்லை. கைதட்டல் கொஞ்சம் தாமதமாக, மரியாதையாக வந்தது.

"டெக்னிக்கலா சூப்பர் மேடம்," என்றார் கேமராக்காரர். "ஆனா அந்த ஏதோ ஒண்ணு மிஸ்ஸிங்."

நெட்டிலும் அதைத்தான் எழுதினார்கள். ஆள் அடங்கிவிட்டாராம். அந்தப் பெண் குரல் இல்லாமல் உயிரே இல்லையாம்.

இரண்டே நாளில் இடது காதும் போய்விட்டது. என் அண்ணன் மேதையா என்று இப்போதும் யாராவது கேட்டு வருகிறார்கள். ஆயிரம் பேர் நல்ல காதை வைத்துக்கொண்டு ஆகா என்று சொன்னதை, கேட்காத காதோடு தப்பு என்று சந்தேகப்பட்டவன் அவன் ஒருவன்தான். அதற்கு என்ன பேரோ அதைக் கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன். அந்தத் தப்புக்குக் கொடுத்த பேர் எங்களுக்கு வேண்டாம்.

அவர்கள் தேடுகிற அந்தப் பெண் குரல் இங்கே வீட்டில்தான் இருக்கிறது. மத்தியானம் சோறு போட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் "அண்ணே, சாப்புட வா" என்று கூப்பிட்டுவிடுகிறேன். பிறகு எழுந்து பின்பாதிக்குப் போய் அவன் தோளைத் தொடுகிறேன்.