தொப்பியைப் பார்த்து அடுக்கிய மெக்சிகோ

அந்த வெள்ளிக்கிழமை காலை ஹென்டர்சன் இசைத்தட்டுக் கடையில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், என்னோடு வேலை செய்த மலேசியாக்காரர் செல்வி அக்கா, வாடிக்கையாளர் எலேனா. இல்லாதவர் முதலாளி. திங்கள்வரை மீன்பிடிக்கப் போயிருந்தார்.

எலேனா முதல்நாள் வாங்கிய தட்டைக் கவுண்டரில் வைத்தார். அவருடைய ஆங்கிலம் என் காதில் எங்கள் ஊர்த் தமிழாக இப்படித்தான் விழுந்தது:

“தம்பி, நாளைக்கு கிளென் ஈடன் ஹோலில என்ர மகளுக்குக் கலியாணம். நாங்கள் மெக்சிகோவில வெராகுரூஸ் ஆக்கள். நீர் தந்தது வடக்குப் பாட்டு. இந்த அக்கோடியனுக்கு எங்கட ஆக்கள் ஆடமாட்டினம்.”

பிழை என்னுடையது. மெக்சிகோப் பெட்டியை அடுக்கியவன் நான். அட்டையெல்லாம் ஸ்பானிய மொழி. படத்தில் பெரிய தொப்பி இருந்தால் ‘மரியாச்சி’ என்று இசைவகைக் கார்டு எழுதி ஒரே வரிசையில் வைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கையெழுத்து மட்டும் அச்சுப்போல இருந்தது.

“பிரிச்சுக் கேட்டாத்தான் அக்கா தெரியும்,” என்றேன்.

“பிளாஸ்டிக் உறையைப் பிரிச்சா, விக்காததை சப்ளையர் திருப்பி எடுக்க மாட்டான்லா.” செல்வி அக்கா எலேனாவைப் பார்த்தார். “பொண்ணு கல்யாணம். பிரி தம்பி. பாதி என் கணக்கு.”

முதல் தட்டில் டிரம்பெட் வந்தது. “ஹலிஸ்கோப் பக்கம். வடிவுதான், ஆனா எங்கட இல்லை,” என்றார் எலேனா. அடுத்ததில் வயலின், பாடுகிறவர் குரல் திடீரென்று உச்சிக்குத் தாவியது. “இது வாஸ்தேகாப் பக்கம்.”

“நான் வேலைக்குப் போறேன்னு சொன்னப்ப எங்க மாமியாரும் இப்படித்தான் கத்துனாங்க,” என்றார் அக்கா.

மரிம்பாவின் மரக்கட்டை ஒலி கேட்டதும் “தெற்கு, சியாப்பாஸ்” என்று கையசைத்தார் எலேனா. ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே போனோம். கடைசியில் ஒரு தட்டில் ஹார்ப்பும் சின்னக் கிட்டார்களும். எலேனாவின் குதிகால் பலகைத் தரையில் அடிக்கத் தொடங்கியது. அந்த ஊர்ப் பாட்டுக்குக் காலும் ஒரு வாத்தியம் என்று அப்போது தெரிந்தது.

“இதுவே காணும் தம்பி. சுத்தித் தாரும்.”

திங்கட்கிழமை முதலாளி கேட்டார், “ஆர் இதெல்லாம் பிரிச்சது?”

“நான்தான்.”

“நாங்க,” என்று திருத்தினார் அக்கா.

“நல்லது. இனி ஊருக்கொரு கார்டு எழுதும். பிரிச்சதின்ர காசு உங்கட பொறுப்பு.”

இசைத்தட்டுக் கடைக்கு வேலைக்கு வருகிறவர்களே, அட்டையைப் பார்த்து அடுக்காதீர்கள்; சரக்கு வந்த அன்றே, வகைக்கு ஒன்றை முதலாளியிடம் கேட்டுப் பிரித்து ஊசி வைத்துப் பாருங்கள். நாங்கள் எலேனா திருப்பித் தந்ததோடு பத்தொன்பது பிரித்திருந்தோம். ஒன்றை அவர் கொண்டுபோனார். மிச்சம் பதினெட்டு, ஒன்று பன்னிரண்டு டாலர். ஆளுக்கு நூற்றெட்டு.