கிமோனோவுக்கு எந்தப் பக்கம் மேல?

செவிலிமேட்டுல கல்யாணப் பொண்ணுங்களுக்குப் புடவை கட்டிவிடுறது என் தொழில். அந்தத் திமிர்லதான் பள்ளிக்கூட ஆண்டு விழாவுல ஜப்பான் டான்ஸ் ஆடுற பிள்ளைங்களுக்கு, முன்பக்கம் திறந்த அங்கியாட்டம் இருக்கிற கிமோனோவை நானே கட்டிவிட்டேன். கைப்பழக்கம் விடுமா? புடவை மாதிரியே வலது பக்கத்தை மேல இழுத்து, இடது பக்கம் கொண்டுபோய் இடுப்பை இறுக்கிட்டேன்.

திரையை விலக்கிப் பார்த்தா, முன்வரிசையில, விருந்தாளியா வந்திருந்த ஒரு ஜப்பான்காரம்மா. பட்டுப்புடவை கட்டிக்கினு, முந்தானையை வலது தோள்ல போட்டிருந்தாங்க. எனக்குச் சிரிப்பு தாங்கல.

கொஞ்ச நேரத்துல பிள்ளைங்களைப் பார்க்க அவங்களே உள்ள வந்தாங்க. பார்த்ததும் பதறிப்போய், கத்துக்கின தமிழ்லயே கத்தினாங்க.

"அக்கா, வேணாம்! இடது பக்கம்தான் மேல வரணும். இப்படி செத்தவங்களுக்குத்தான் கட்டுவாங்க!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டுது. ரெண்டு பேரும் மளமளன்னு மாத்திக் கட்டினோம். பாட்டு ஆரம்பிக்க, பிள்ளைங்க மேடைக்கு ஓடுச்சுங்க.

அப்புறம் மெதுவா அவங்க முந்தானையைத் தொட்டேன். "நம்ம ஊர்ல இது இடது தோள்லம்மா."

அவங்க முகம் வெளுத்துப்போச்சு. "இதுவும் செத்தவங்களுக்கா?"

"ஐயோ, இல்லம்மா! சேட்டு வீட்டம்மாங்களுக்கு!"

சிரிச்சுக்கினே அவங்களுக்கு மாத்திக் கட்டிவிட்டேன். அவங்க கையும் கிமோனோ பழக்கத்துல இடது பக்கத்தை மேல கொண்டுபோய்த்தான் கட்டியிருக்குது.

இப்பல்லாம் யாராவது புடவையை மாத்திக் கட்டியிருந்தா எனக்குச் சிரிப்பு வர்றதில்ல. எந்த ஊர்ல பழகின கையோன்னு நினைச்சுக்கிறேன்.